ரீஃப் தொட்டிக்கு எந்த வேவ்மேக்கர்? வாசகர் கேள்வி-பதில்

கடல்நீர்த் தொட்டிக்காரர்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க வேவ்மேக்கர்கள்தான், அதாவது பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டிக்குள் தண்ணீரை ஓடவைக்கும் நீரோட்டப் பம்புகள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்கள் மேல் விழுந்த வசவுகளில் அச்சேறத் தகுந்ததை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

கே: 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரத் தொட்டி. ஜோவாந்திட், மஷ்ரூம், லெதர் என்று மென்மையான கோரல் (பவளம்) வகைகள் மட்டும் வைத்திருக்கிறேன். கொளத்தூரில் ஒரு கடையில் மணிக்கு 12,000 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கர் ஒன்று போடச் சொல்கிறார்கள். போடலாமா? (மடிப்பாக்கம்)

ப: அந்தக் கடையில் 12,000 லிட்டர் பம்ப் விற்காமல் தேங்கிக் கிடக்கிறது போலிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று அளவையும் பெருக்கினால் 6.75 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 191 லிட்டர். கல், மணல், மேல்விளிம்பில் விடும் இடைவெளி எல்லாம் போக 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். உங்களுடையது போன்ற சாஃப்ட் கோரலுக்கு மணிக்கு அதைப்போல் 10 முதல் 20 மடங்கு ஓட்டம் போதும். அதாவது 1,600 முதல் 3,200 லிட்டர். அக்ரோபோரா மாதிரி எஸ்.பி.எஸ். எனும் கடினப் பவளம் வளர்ப்பவர்கள் 40 மடங்குக்கு மேலும் போவார்கள். அது உங்கள் கவலை இல்லை.

அந்த 3,000 லிட்டரை ஒரே பம்பில் வாங்காமல் 1,500 லிட்டர் பம்புகளாக இரண்டு வாங்குங்கள். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். எதிரெதிர்ப் பக்கக் கண்ணாடிகளில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் மாட்டுங்கள். இரண்டு ஓட்டமும் முன் கண்ணாடிக்கு அருகே மோதும்படி திருப்பி, ஒன்றைச் சற்றே மேல்நோக்கி வையுங்கள். நீர்ப்பரப்பு சுருக்கம் சுருக்கமாக அசைந்தால்தான் ஆக்சிஜன் கரையும். எந்தப் பம்பும் நேராக ஒரு கோரலின் முகத்தில் அடிக்கக் கூடாது. குழாய் மாதிரி ஒற்றை நீர்க்கம்பியாகப் பீய்ச்சும் பழைய பவர்ஹெட்டை வாங்காதீர்கள். விசிறி வைத்த, அகலமாகத் தள்ளும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு வாரம் கவனியுங்கள். கல்லுக்குப் பின்னால் கழிவு சேர்ந்தால் ஓட்டம் போதவில்லை. ஜோவாந்திட் பகலிலும் மூடியே இருந்தாலோ, மணல் ஒதுங்கி அடிக்கண்ணாடி தெரிந்தாலோ அதிகம்.

கே: இணையத்தில் '8000 லி/மணி' என்று போட்டிருந்த வேவ்மேக்கரை 950 ரூபாய்க்கு வாங்கினேன். என் பழைய 2,000 லிட்டர் பம்பைவிட ஒரு துளி கூட வேகம் இல்லை. லேபிளில் 6 வாட் என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (கோவை)

ப: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

பெட்டி மேல் அச்சிடும் அந்த லிட்டர் கணக்கைப் பற்றி ரொம்ப நாளாகவே எனக்கு ஆத்திரம். பால் பாக்கெட்டில் அரை லிட்டர் என்று போட்டால் அரை லிட்டர் இருந்தாக வேண்டும். வேவ்மேக்கர் பெட்டியில் அப்படி ஒரு கட்டாயமே இல்லாததுபோல் நடந்துகொள்கிறார்கள். வாளியை வைத்து அளந்து பார்க்கவும் முடியாது, ஏனென்றால் அது குழாய் வழியாகத் தண்ணீர் தரும் பம்ப் அல்ல. வாங்கியவரால் சரிபார்க்க முடியாத எண் என்று தெரிந்துதான் வாய்க்கு வந்ததைப் போடுகிறார்கள். ஒழுங்கான கம்பெனியின் எண்ணும் புது ரோட்டார் (விசிறியோடு சுற்றும் காந்தப் பாகம்), விசிறியை மூடியிருக்கும் வலையும் சுத்தம் என்ற நிலையில் எடுத்ததுதான். வலையில் பாசி படிந்த பிறகு கணிசமாகக் குறையும். அமெரிக்கச் சந்தைக்கான மாடல் என்றால் நேரடியாக வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஏசி பம்பின் எண் 60 ஹெர்ட்ஸில் எடுத்தது. நம் 50 ஹெர்ட்ஸில் அதே மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். இது போக, சிலர் கேலன் எண்ணைப் போடுவார்கள், சிலர் அலகே இல்லாமல் '3000' என்று மொட்டையாகப் போடுவார்கள். ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர்.

உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் வாட். கைக்குள் அடங்கும் அளவுள்ள விசிறிப் பம்புகளில் நல்லவை ஒரு வாட்டுக்கு 300 முதல் 600 லிட்டர்வரை தள்ளும். 6 வாட் பம்ப் என்றால் 2,000, மிஞ்சினால் 3,500. வாட்டுக்கு 1,300 லிட்டர் தள்ளுகிறேன் என்கிறது உங்களுடையது. வாங்கும் முன் லிட்டரை வாட்டால் வகுத்துப் பாருங்கள். விடை ஆயிரத்தைத் தாண்டினால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். '10,000' என்று தங்க எழுத்தில் அச்சிட்ட ஒன்று என் பரணில் கிடக்கிறது. அதன் காந்தத்துக்கு மேல் இருந்த பூச்சு வெடித்து உள்ளே துரு பிடித்துவிட்டது. இதையும் பார்த்து வாங்குங்கள்: ரோட்டார் காந்தம் முழுதாகப் பிளாஸ்டிக்கில் பொதிந்திருக்க வேண்டும், விளிம்பில் இடைவெளி தெரியக் கூடாது.

இனி உங்கள் பணம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்பப் பெற மறுக்க முடியாது. விற்பனைப் பக்கத்தையும் லேபிளையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று ஒப்புகை வர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு வர வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். 950 ரூபாய்தானே என்று விடாதீர்கள். எல்லாரும் அப்படி விடுவதுதான் அவர்களுடைய லாபம்.

கே: ஏர் கூலர் பம்ப் 200 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, அதைப் போட்டால் என்ன? (விருதுநகர்)

ப: வேண்டாம். அதற்குள் தாமிரமோ துருப்பிடிக்கும் ஸ்க்ரூவோ இல்லை என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. தாமிரம் கரைந்தால் முதலில் இறாலும் நத்தையும் கோரலும்தான் போகும்.

கே: பழைய வோர்டெக் எம்.பி.10 வேவ்மேக்கர் ஒன்றை ஒருவரிடம் நேரில் வாங்கினேன். என் தொட்டியின் கண்ணாடி 12 மி.மீ. மாட்டினால் கடகடவென்று சத்தம், வேகத்தைக் கூட்டினால் உள்பக்கப் பாகம் கழன்று விழுகிறது. டார்ச் கோரல் மேல் விழுந்து இரண்டு தலை போய்விட்டது. விற்றவர் பணம் தர மறுக்கிறார். (சிங்கப்பூர், ஈஷூன்)

ப: விற்றவர் மேல் என்ன தப்பு? வோர்டெக்கில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே, விசிறி உள்ளே. இரண்டையும் காந்தம்தான் இழுத்துப் பிடிக்கிறது. கண்ணாடி தடிக்கத் தடிக்க அந்தப் பிடி தளரும். எம்.பி.10 சுமார் 10 மி.மீ. கண்ணாடி வரைக்கும்தான். 12 மி.மீட்டருக்கு எம்.பி.40 வாங்கியிருக்க வேண்டும், அது 19 மி.மீ. வரை தாங்கும். இவ்வளவும் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. பெட்டி இல்லாமல் வாங்கினேன் என்பீர்கள். அப்படியானால் ஒரு ஸ்கேல் எடுத்துக் கண்ணாடியை அளந்துவிட்டாவது வாங்கப் போயிருக்கலாம். தனிநபரிடம் வாங்கிய பழைய பொருளுக்கு, குறையுள்ள பொருளுக்கு நிவாரணம் தரும் உங்கள் ஊர் லெமன் சட்டமும் கைகொடுக்காது, அது வியாபாரியிடம் வாங்குவோருக்கு.

மெல்லிய கண்ணாடி வைத்திருக்கும் யாருக்காவது விற்றுவிடுங்கள். அவரிடம் கண்ணாடித் தடிப்பைக் கேட்டுவிட்டு விற்கவும். டார்ச்சைப் பொறுத்தவரை, நுனிகள் போய்ப் போய்த் திரும்பி வந்து அசைந்தால் ஓட்டம் சரி. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றாலோ, எலும்பின் விளிம்பிலிருந்து சதை பிரிந்தாலோ உடனே குறையுங்கள்.

கே: ஏழு மாதமாக நன்றாக ஓடிய ஏசி வேவ்மேக்கர், மூன்று மணி நேர மின்வெட்டுக்குப் பிறகு கிளம்பவே இல்லை. கடைக்காரர், 'தண்ணி உள்ள போயிருச்சு, வாரண்டி கிடையாது' என்கிறார். வாங்கும்போதே பில் கேட்டேன், 'நம்ம கடைதானே அண்ணே' என்று சொல்லி அனுப்பிவிட்டார். (திருச்சி)

ப: பாவம் நீங்கள். பம்ப் அநேகமாகச் சாகவில்லை.

மோட்டார் இருக்கும் இடம் சூடாக இருக்கும். சூட்டில் கால்சியம் கார்பனேட் சுலபமாகப் படியும், அதனால் ரோட்டார் மேல் வெள்ளைக் காரை கட்டும். ஓடிக்கொண்டிருக்கும்வரை தானே தேய்த்து வழி பண்ணிக்கொள்ளும். நின்றதும் காரை இறுகிப் பிடித்துக்கொள்கிறது. இந்த வகை ஏசி மோட்டாருக்குக் கிளம்பும்போது உந்துவிசை ரொம்பக் குறைவு, அந்தப் பிடியை அதனால் உடைக்க முடியாது. மாதக்கணக்கில் ஓடிய பம்ப் மின்வெட்டுக்குப் பிறகு மக்கர் பண்ணுவது இதனால்தான்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பம்பை வெளியே எடுங்கள். வலையைக் கழற்றி ரோட்டாரை நேராக உருவுங்கள். ஷாஃப்ட் பீங்கான், கோணலாக இழுத்தால் ஒடியும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம பங்கு கலந்து எல்லாப் பாகத்தையும் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பழைய டூத்பிரஷால் ரோட்டார் குழியைத் தேயுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் உள்ளே போகக் கூடாது. கழிவறை ஆசிட் பக்கமே போகாதீர்கள். ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள ரப்பர் புஷ் பிய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஆடினால் மாற்றுங்கள். அலசிவிட்டு ஒரு வாளி நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து மாட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தாக வேண்டும்.

அதன் பிறகும் கிளம்பவில்லை என்றால் கடைக்காரருடன் சண்டை. பில் தராமல் விற்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நீங்கள் ஜிபே, கார்டு எதிலாவது பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவு சான்றாகும். கடைக்காரருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுவரை அவகாசமும் உண்டு. அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே பில்லை மறைப்பவரிடம் மறுபடி வாங்காதீர்கள்.

கே: கனடாவில இருக்கிற அண்ணா விடுமுறைக்கு வரேக்க ஒரு வேவ்மேக்கர் கொண்டு வந்தவர். பிளக்கை மட்டும் மாத்திப் போட்டால் காணுமோ? (யாழ்ப்பாணம்)

ப: முதலில் லேபிளைப் பாருங்கள். அடாப்டரில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் அது அடாப்டர் வழியாக ஓடும் டிசி பம்ப். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்று பம்பிலேயே போட்டிருந்தால் உங்கள் 230 வோல்ட்டில் செருகிய உடனே காயில் கருகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. வேகம் குறைவாகவும் சூடு கூடுதலாகவும் ஓடும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் காசுக்கு உள்ளூரில் ஒரு பம்ப் வாங்கிவிடலாம்.

கே: மண்டபம் பக்கம் ஒருவர் உயிருள்ள பவளம் மலிவாகத் தருகிறார். அதற்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும்? (மதுரை)

ப: உங்களுக்குத் தேவை பம்ப் அல்ல, வக்கீல். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

கே: 2 அடி தொட்டி, 55 லிட்டர். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் பம்ப் ஓடுகிறது, ஆனால் உறுமுகிறது, தொட்டால் சுடுகிறது. வெயில் காலத்தில் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டுகிறது. (வேலூர்)

ப: உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். ஏசி பம்ப் அதில் உறுமும், சூடாகும், சீக்கிரம் போகும். ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் வேண்டும், இல்லையென்றால் 12 வோல்ட் டிசி பம்ப் ஒன்று வாங்கித் தனி பேட்டரி வையுங்கள். 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கும். பேட்டரி கெடாமலிருக்கப் பாதியைத்தான் எடுக்கலாம். 5 வாட் பம்ப் எட்டு மணி நேரம் ஓடும். 24 வோல்ட் பம்ப் என்றால் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைக்க வேண்டும். வாங்கும்போதே வோல்ட்டைக் கேளுங்கள்.

சூட்டுக்கு: நீருக்குள் இருக்கும் பம்ப் எடுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் தண்ணீரின் சூடாகத்தான் மாறும். வெளியேற வழியே இல்லையென்றால் 10 வாட் பம்ப் 55 லிட்டரை ஆறரை மணி நேரத்தில் ஒரு டிகிரி ஏற்றும். சிறிய தொட்டியில் 15 வாட், 20 வாட் பம்ப் போடுவது ஹீட்டர் போடுவதுதான். 3 முதல் 5 வாட்டுக்குள் நில்லுங்கள், மேல்மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். ஆவியாவதை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்டுங்கள், உப்புத் தண்ணீரால் அல்ல. மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் எந்தப் பம்பையும் செருகாதீர்கள். வயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், வழியும் உப்புத் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டும்.

கே: கடல் அனிமோன் நகர்ந்து போய் வேவ்மேக்கரில் அரைபட்டுவிட்டது. கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? (சேலம்)

ப: முடியாது. அனிமோன் நகரும் பிராணி, அது இடம் பிடித்து உட்காரும்வரை பம்புக்கு வலையோ ஸ்பாஞ்ச் உறையோ போட வேண்டியது உங்கள் வேலை. உறை போட்டால் ஓட்டம் குறையும், இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை அலச வேண்டும். அரைபட்டது மிச்சமிருந்தால் முதலில் எடுத்துப் போட்டுவிட்டு, தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கார்பன் வைத்து, பெரிய அளவில் தண்ணீர் மாற்றுங்கள். வழக்கு அப்புறம்.

கே: ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் சார், எந்த பிராண்ட்? (தாம்பரம்)

ப: ஒரே வார்த்தையில் முடியாது. கடையில் 'இதன் ரோட்டாரும் ஷாஃப்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை?' என்று கேளுங்கள். ஜெர்மனியின் டுன்ஸே விலை அதிகம், ஆனால் உதிரிப் பாகங்களைத் தனித்தனியாக விற்கிறார்கள். சீனாவின் ஜெபாவோ விலை குறைவு, கட்டுப்பாடும் நன்றாக இருக்கிறது. அதன் கன்ட்ரோலரை உப்புச் சாரல் படாத உயரத்தில் மாட்டுங்கள், தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் வைக்காதீர்கள். இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், தயாரான நாடும், எம்.ஆர்.பி.யும் அச்சிட்டிருக்க வேண்டும். எதுவுமே இல்லையென்றால் பழுதானால் கேட்க ஆள் இல்லை.

கே: வேலைக்குப் போகிறவள் நான். கழற்றிச் சுத்தம் செய்ய நேரமில்லை. சுத்தமே செய்ய வேண்டாத மாடல் இருக்கிறதா? (பெங்களூரு)

ப: இல்லை. அதே மாடலில் கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழுக்கானதைக் கழற்றி வினிகர் வாளியில் போட்டுவிட்டுச் சுத்தமானதை மாட்டினால் ஐந்து நிமிட வேலை. ஊறியதை ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக்கொள்ளலாம்.