எண்பது சொச்சம்

ஐயா,

இத்தாலியின் பொலோன்யா ரயில் நிலையத்தைப் பற்றிப் படித்தேன். 1980-ல் அங்கே குண்டு வெடித்து எண்பது சொச்சம் பேர் இறந்திருக்கிறார்கள். நிலையத்தின் கடிகாரத்தை அந்த நேரத்திலேயே இன்றும் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். புண்ணை இப்படிக் கிளறிக்கொண்டே இருந்தால் வெறுப்புதானே வளரும்? மறக்கவும் கற்றுக்கொள்ள வேண்டாமா? இன்னொன்று, எளியவர்களின் வன்முறையை மட்டும் பயங்கரவாதம் என்கிறோம். அரசு செய்வதற்கு ஏன் அந்தப் பெயர் இல்லை?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அரசைப் பற்றிய கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பொலோன்யாவை இழுக்காதீர்கள். அங்கே குண்டு வைத்தவர்கள் எளியவர்கள் அல்ல, நவ பாசிசக் கும்பல். விசாரணையைத் திசைதிருப்பியதற்காக ராணுவ உளவுத்துறை அதிகாரிகளே தண்டனை பெற்றார்கள். சரி, அது போகட்டும்.

என்னைச் சுருக்கென்று தைத்தது 'எண்பது சொச்சம்' என்று நீங்கள் எழுதியதுதான். மளிகைக் கடை பாக்கியைச் சொல்லும்போது சொச்சம் என்போம். செத்தவர்களை அப்படி எண்ணலாமா? 85 பேர், தம்பி. உங்கள் சொச்சத்துக்குள் ஐந்து பேர் இருக்கிறார்கள். அம்மாவோடு விடுமுறைக்குக் கிளம்பிய மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று அன்று இறந்தது. அதை எண்பதில் சேர்த்தீர்களா, சொச்சத்தில் சேர்த்தீர்களா?

1980 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. விடுமுறைக் கூட்டம். இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் யாரோ ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போகிறார்கள். காலை 10:25-க்கு வெடிக்கிறது. ஆம்புலன்ஸ் போதாமல் 37-ஆம் எண் டவுன் பஸ்ஸில் உடல்களை ஏற்றினார்கள். வெளியே தெரியாதபடி ஜன்னல்களில் வெள்ளைத் துணியைக் கட்டி, இரவு வெகுநேரம் வரை அந்த பஸ் போய்ப் போய் வந்தது. அந்த அறைச் சுவரில் இன்று ஒரு கல்வெட்டு இருக்கிறது. இறந்த ஒவ்வொருவரின் பெயரும், பக்கத்திலேயே வயதும். அங்கே யாரும் சொச்சம் இல்லை. அப்புறம், அந்தக் கடிகாரத்தைச் சரிசெய்து பல வருடம் ஓட விட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1996-லிருந்துதான் அது 10:25-லேயே நிற்கிறது.

இந்தச் சொல்லுக்கு எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், ஒவ்வொரு பிப்ரவரியிலும் என் ஊரில் இதைக் கேட்கிறேன். 1998-ல் கோவையில் வெடித்த குண்டுகளில் 58 பேர் இறந்தார்கள். 'ஐம்பது அறுபது பேர்' என்பார்கள். அதற்குச் சில மாதம் முன்பு, 1997 நவம்பரில், போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். அதையும் 'இருபது பேர் வரை' என்று சொல்லிவிட்டு, முதலில் ஆரம்பித்தது யார் என்று சண்டைக்குப் போய்விடுவார்கள். இரண்டு பக்கத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். இதில் ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

எனக்கு ஒருவரைத் தெரியும். எங்கள் வீதி முனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர். கரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது தோள் சற்று இறங்கியிருக்கும். பிப்ரவரி 14-உம் ஒரு சனிக்கிழமைதான். சாயங்காலம் போல, தேய்த்த துணிகளைக் கொடுக்க ஆர்.எஸ்.புரம் பக்கம் சைக்கிளில் போனவர் திரும்பவில்லை.

அடுத்த வாரம் அவர் மனைவியே எங்கள் வீட்டுத் துணியைக் கொண்டுவந்தார். ஆறு சட்டை. அம்மா அழுதுகொண்டே கையில் இருந்த பணத்தையெல்லாம் நீட்டினாள். அவர் எண்ணிப் பார்த்து, நான்கு சட்டைக்கான காசை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திண்ணையில் வைத்தார்.

"நாலுதானுங்க்கா தேச்சிருக்காரு. ரெண்டு பாக்கி இருக்குதுங்க."

அந்த இரண்டில் ஒன்று என்னுடையது, வெளிர் நீலச் சட்டை. தேய்ப்பதற்காக அவர் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்திருந்தபடியே இருந்தது. பிரித்தபோது மக்கல் வாடை அடித்தது.