இரண்டு ஃப்ரேசர்கள் இல்லை

கேள்வி: 'தி வேல்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய பிரெண்டன் ஃப்ரேசர், 'ஜார்ஜ் ஆஃப் தி ஜங்கிள்' போன்ற அசட்டுப் படங்களில் தன் இளமையை வீணடித்துவிட்டார் என்று நான் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய தொலைக்காட்சி கார்ட்டூன் ஒன்றிலிருந்து டிஸ்னி 1997இல் எடுத்த அந்தப் படத்தின் கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: மனிதக்குரங்கு வளர்த்த ஒருவன், கொடியைப் பிடித்துப் பாய்ந்து வரும்போதெல்லாம் மரத்தில் போய் மோதிக்கொள்கிறான். அதை யாரும் காவியம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் யானையோடு அவர் வரும் காட்சியை நீங்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஜார்ஜுக்கு அந்த யானை ஒரு நாய். வீசிய மரக்கட்டையை அது எடுத்துவர, வளர்த்த நாயைக் கொஞ்சுவதுபோல அவர் அதைக் கொஞ்சுகிறார். 'இதெல்லாம் விளையாட்டு என்று எனக்கும் தெரியும்' என்று கடைக்கண்ணால் நம் பக்கம் ஒருமுறை பார்த்திருந்தால் போதும், காட்சி அங்கேயே செத்திருக்கும். அவர் பார்க்கவில்லை. முழுமனதோடு நம்புகிறார், அதனால் நாமும் நம்புகிறோம்.

இந்த வெள்ளந்தித்தனமே அவருடைய மூலதனம். அடுத்த ஆண்டு 'காட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' படத்தில், இயன் மெக்கெல்லன் நடித்த முதிய இயக்குநரின் பேச்சைத் தோட்டக்காரனாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவரும் இவர்தான். 2002இல் 'தி கொயட் அமெரிக்கன்' படத்தில் மைக்கேல் கெயினுக்கு எதிரே நின்றவரும் இவர்தான். இரண்டு படங்களிலும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது மற்றவருக்கே. எதிரே இருப்பவர் சொல்வதை உண்மையாகக் காதுகொடுத்துக் கேட்கிற ஒருவர் இல்லாமல் அந்த இரு முதியவர்களின் நடிப்பும் அப்படி எழுந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சறுக்கல்கள் இல்லையா என்றால், இருந்தன. அவற்றை நான் மறைக்கப் போவதில்லை. 'டட்லி டூ-ரைட்' (1999), 'மங்கிபோன்' (2001) இரண்டும் போட்ட பணத்தில் சிறு பங்கை மட்டுமே திரும்ப எடுத்த படங்கள். முன்னதில் சுற்றியுள்ள எல்லோருமே கோமாளித்தனம் செய்வதால் அவருடைய வெகுளித்தனம் பட்டுத் தெறிக்க ஒரு சுவர் இல்லாமல் போயிற்று. 'ஜார்ஜ்' படத்தில் நாயகியாக நடித்த லெஸ்லி மான் அந்தச் சுவராக இருந்தார். பின்னதில் பொம்மைக் குரங்கின் ஆர்ப்பாட்டத்தில் மனிதர் காணாமல் போனார். இவை தேர்வில் செய்த பிழைகள். அவற்றை நகைச்சுவை என்ற வகையின் மேல் சுமத்துவது நியாயம் ஆகாது.

பிறகு அவருடைய திரைவாழ்வில் வந்த நீண்ட இடைவெளிக்கும் 'அசட்டுப் படங்கள்' காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். விழுவதையும் மோதுவதையும் பல ஆண்டுகள் தன் உடம்பாலேயே செய்து, முதுகிலும் முழங்காலிலும் குரல்நாணிலும் அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டு, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாக இருந்ததை 2018இல் ஒரு பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். நம்மைச் சிரிக்க வைத்ததற்கு அவர் கொடுத்த விலை அது. அதை 'வீண்' என்ற ஒரு சொல்லில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

2003இல் ஜார்ஜின் இரண்டாம் பாகம், ஃப்ரேசர் இல்லாமல், திரையரங்குக்கே வராமல் நேரடியாக வீடியோவில் வெளியானது. காடு இருந்தது, கொடி இருந்தது, மோதுவதற்கு மரமும் இருந்தது. கிடைத்தால் பாருங்கள், முதல் படத்தை எது தாங்கி நின்றது என்று பத்தே நிமிடத்தில் உங்களுக்குப் புரிந்துவிடும்.