விவசாயத்தின் நிலைத்தன்மையை ஒரே மதிப்பெண்ணில் அளந்துவிட முடியுமா?

நீங்கள் ஏதோ ஒரு திட்டத்துக்காகப் பண்ணைகளை மதிப்பிடப் போகிறீர்கள், மண், தண்ணீர், வருமானம், கூலி எல்லாவற்றையும் கூட்டி நூற்றுக்கு இத்தனை என்று போடலாமா என்று யோசிக்கிறீர்கள் என எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். போடலாம், எண் வந்துவிடும். ஆனால் அந்த எண்ணோடு ஒரு விவசாயி முன்னால் போய் நிற்க முடியாது. நான் நின்றிருக்கிறேன்.

ஆறு வருடம் இந்த வேலையில் களப்பணியாளனாக இருந்தேன். எங்கள் திட்டத்தில் பண்ணைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுப்போம். தனி ஆளாக நின்று சாகுபடி செய்த ஒரு அம்மா, முதல் மதிப்பீட்டுக்குப் பிறகு நாங்கள் சொன்னதை எல்லாம் செய்தார். பயிர்க்கழிவை எரிப்பதை நிறுத்தினார், தொழு உரம் போட்டார், உழவைக் குறைத்தார். மூன்று வருடம் கழித்து மறுபடி மண் மாதிரி எடுத்தோம். மண் வளத்துக்கு அடையாளமாகப் பார்க்கப்படும் கரிமம் (மக்கிய பொருளில் உள்ள கார்பன்) முதலில் 0.62 சதவீதம் இருந்தது, இப்போது 0.48. மண் வளம் சரிவு என்று சிவப்பு போட்டுவிட்டார்கள். அதை அவரிடம் போய்ச் சொன்னது நான்தான். “அப்போ இந்த மூணு வருசம் நான் பாடுபட்டதெல்லாம் வீணா தம்பி?” என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

ராத்திரி உட்கார்ந்து பழைய படிவங்களைப் புரட்டினேன். முதல் முறை 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்திருக்கிறோம். இரண்டாம் முறை எடுத்தது புதுக் குழு, அவர்கள் 30 சென்டிமீட்டர் வரை போயிருக்கிறார்கள். கரிமம் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கும், கீழே போகப் போகக் குறையும். மேல்மண்ணையும் கீழ்மண்ணையும் கலந்து பரிசோதித்தால் சதவீதம் இறங்கத்தானே செய்யும்! அவருடைய மண் கெட்டதா தேறியதா என்று அந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்லவே முடியாது. மேலே எடுத்துச் சொன்னேன், தரவை மூடியாகிவிட்டது என்றார்கள். அந்த அம்மாவிடம் திரும்பப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அறிக்கையில் சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

அதனால்தான் எத்தனை குறியீடு என்பதைவிட, இரண்டாம் முறையும் அதே மாதிரி அளக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள் என்கிறேன். ஆழம் மட்டுமல்ல, பரிசோதனை முறையும் மாறக்கூடாது. 1934இல் வந்த வாக்ளி-பிளாக் முறை மண்ணில் உள்ள கரிமத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைத்தான் பிடிக்கும், உலையில் எரித்து அளக்கும் முறை முழுவதையும் பிடித்துவிடும். ஒரு வருடம் இது, அடுத்த முறை அது என்றால் செய்யாத முன்னேற்றம் தாளில் வந்துவிடும். மண் அடர்த்தியையும் அளந்தால்தான் ஒரு ஹெக்டேரில் எத்தனை டன் கரிமம் என்று சொல்ல முடியும், வெறும் சதவீதம் போதாது.

தழைச்சத்து (நைட்ரஜன்) கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். போட்டதில் எவ்வளவு விளைச்சலோடு வெளியே போனது என்று பார்ப்பார்கள். 90 சதவீதத்துக்கு மேல் வந்தால் பலர் அருமை என்று எழுதிவிடுகிறார்கள். உரம் போதாமல் பயிர் மண்ணின் இருப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாலும் அதே எண்தான் வரும். அதேபோல, பண்ணையிலிருந்து வெளியேறும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களை விளைச்சலில் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் ஒரு பண்ணை ஜெயிக்கும், ஹெக்டேருக்கு இவ்வளவு என்றால் பக்கத்துப் பண்ணை ஜெயிக்கும். எதால் வகுக்கிறீர்கள் என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது.

சரி, ஒற்றை மதிப்பெண். சராசரி எடுத்தால் நல்ல வருமானம், வற்றிப்போன நிலத்தடி நீரை மறைத்துவிடும். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 2.4.1 என்ற குறியீடு இதைத் தவிர்க்கிறது. அதில் 11 துணைக்குறியீடுகள். கூலி, நில உரிமை, உணவுப் பாதுகாப்பும் அதில் உண்டு. சராசரி போடாமல் ஒவ்வொன்றையும் தனியாகக் காட்டுகிறார்கள், எது மிகவும் பின்தங்கியதோ அதையே அளவாக எடுக்கிறார்கள். எனக்கு இதுதான் நேர்மையாகப் படுகிறது. அதே ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு கொண்டுவந்த சாஃபா முறையில் 116 குறியீடுகள் இருக்கின்றன. முழுமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனைக்கும் உட்கார்ந்து பதில் சொல்லப் போகிற ஆளின் ஒரு நாள் வேலையை நினைத்துப் பாருங்கள்.

இவன் அளவீடே வேண்டாம் என்கிறான் என்று யாராவது பின்னூட்டத்தில் வரலாம். அப்படிச் சொல்லவில்லை. அளக்காமல் விட்டால் ‘இயற்கைக்கு உகந்தது’ என்று யார் வேண்டுமானாலும் எதன் மேலும் எழுதிக்கொள்வார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு இதெல்லாம் தெரியாதா என்றும் கேட்பீர்கள். தெரியும். ஆனால் எந்த ஆழம், எந்த முறை என்று களத்தில் குழி வெட்டுபவருக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, ஒப்பந்தம் முடிந்ததும் அவரும் போய்விடுகிறார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத இன்னொன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அறிக்கையின் அட்டையில் அந்த அம்மாவின் படத்தைப் போட்டிருந்தார்கள். ஒரு வார்த்தை அவரிடம் கேட்கவில்லை, ஒரு பிரதிகூடக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அவருக்குத் தெரியாத மொழியில் அச்சாகியிருந்தது. என் கைப்பேசியில்தான் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உங்களுக்கு எத்தனை பண்ணை, எத்தனை வருடம், திரும்பப் போய் அளக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று எழுதுங்கள். அது தெரிந்தால் எந்த ஏழெட்டுக் குறியீடுகளை வைத்துக்கொள்ளலாம் என்று என்னால் சொல்ல முடியும்.