கிளிமாஞ்சாரோ உச்சியில் ஆகஸ்டில் பனி இருக்குமா?

ஆகஸ்டில் தான்சானியாவின் கிளிமாஞ்சாரோவில் ஏறவிருக்கும் வாசகர் ஒருவர், நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை மட்டுமே தள்ளியுள்ள மலையில் பனி இருக்குமா, காலணியில் மாட்டும் இரும்பு முட்களை வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இந்த ஐயம் பழையது. 1848இல் ஜெர்மானிய மதப்பரப்பாளர் யோஹன்னஸ் ரெப்மன் அங்கே பனியைக் கண்டதாக எழுதியபோது, லண்டனில் அதை நம்ப மறுத்தவர்களும் இருந்தார்கள்.

ஆகஸ்டில் பழைய பனிக்கட்டியைக் காண்பீர்கள். புதிதாகப் பெய்த பனியைக் காணும் வாய்ப்பு குறைவு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைவதால், மலையின் மிக உயர்ந்த இடமான, 5,895 மீட்டர் உயரமுள்ள உஹுரு சிகரத்தில் ஆண்டு முழுவதுமே உறைகுளிர்தான். அங்கே மாதத்துக்கு மாதம் உள்ள வேறுபாட்டைவிட, பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடே பெரிது. ஆகவே பனி எப்போது பெய்யும் என்பதைத் தீர்மானிப்பது குளிர்காலம் அல்ல, மழைக்காலம். மார்ச் முதல் மே வரையிலும், மீண்டும் நவம்பர், டிசம்பரிலும் அடிவாரத்தில் மழை பெய்கையில் உச்சியில் பனி விழுகிறது. ஆகஸ்ட் வறண்ட மாதம்.

அந்த வறட்சிதான் பனியாறுகளையும் தேய்க்கிறது. காற்றில் ஈரம் இல்லாததால், உறைநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டி நீராகாமல் வெயிலில் நேரே ஆவியாகிவிடுகிறது. இழப்பை ஈடுகட்டப் போதிய புதுப்பனியும் விழுவதில்லை. 1912இல் இருந்த பனிப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மறைந்துவிட்டது. எஞ்சியதில் ஒரு பகுதியை, உச்சி விளிம்பில் உள்ள ஸ்டெல்லா முனையிலிருந்து உஹுருவுக்கு நடக்கையில் இடப்பக்கம் பார்க்கலாம்.

வழக்கமான தடங்களில் ஆகஸ்டில் இரும்பு முட்கள் பெரும்பாலும் தேவைப்படா; அந்தப் பணத்தை நல்ல கையுறைக்குச் செலவிடுங்கள். உச்சிக்கான ஏற்றம் நள்ளிரவை ஒட்டித் தொடங்கும். காற்றோடு சேர்ந்தால் குளிர் மைனஸ் 20 டிகிரி போல உறைக்கக்கூடும். முதுகுப்பை நீர்ப்பையிலிருந்து உறிஞ்சிக் குடிக்கும் குழாய் உறைந்துவிடும் என்பதால் அகன்ற வாய்ப் புட்டியைத் தலைகீழாக வைத்து எடுத்துச் செல்லுங்கள். விடிந்தபின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இன்றியமையாதது.

பனி மூடிய உச்சியைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், நவம்பர், டிசம்பரில் பெய்யும் குறுமழை முடிந்த ஜனவரிக்குப் பயணத்தை மாற்றுவது நல்லது. எந்த மாதமானாலும், ஐந்து நாள் திட்டத்தைத் தவிர்த்து ஏழு அல்லது எட்டு நாள் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பலரைத் திருப்பி அனுப்புவது பனியன்று, உயரத்தால் வரும் நோய்.