இரண்டு மாதத்தில் வெளிக்கிடச் சொன்னால் போக வேண்டுமா?

தம்பி, லண்டன் ஈஸ்ட்ஹாமில் அறை எடுத்து ஆறு மாதம்தான், வீட்டை விற்கப் போவதால் இரண்டு மாதத்தில் வெளிக்கிடச் சொல்லி வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார், போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எல்லாம் ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது: அவரும் அதே வீட்டில் குடியிருக்கிறாரா?

இல்லையென்றால் நீங்கள் அசைய வேண்டியதில்லை. வீட்டு வாடகைச் சட்டத்தில் காரணம் சொல்லாமல் எழுப்பும் 21ஆம் பிரிவு நோட்டீஸ் 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் இல்லை. (ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் சட்டம் வேறு.) இனி அதே சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ், அதற்குரிய படிவத்தில், சட்டம் ஏற்கும் காரணத்தைக் காட்ட வேண்டும், வாட்ஸ்அப் செய்தி நோட்டீஸ் ஆகாது. விற்பதற்கென்றால் நான்கு மாத அவகாசம் தர வேண்டும், அதுவும் நீங்கள் குடிவந்து 12 மாதம் முடியும் முன் வெளியேறச் சொல்ல முடியாது. விற்பதாகச் சொல்லி எழுப்பிவிட்டுக் கூடிய வாடகைக்கு வேறு ஆளை வைக்கவும் 12 மாதத் தடை உண்டு.

நோட்டீஸ் நாள் கடந்தாலும் கோர்ட் உத்தரவும் அதன்பின் அதை நிறைவேற்றும் அதிகாரியான பெய்லிஃபும் வந்தால்தான் வெளியேற்றம். நடுவில் பூட்டை மாற்றினால் அது குற்றம். கவுன்சிலுக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். "நானாகவே போகிறேன்" என்ற கடிதத்தில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். பலர் உரிமையை இழப்பது அங்கேதான்.

சண்டை வந்ததென்று வாடகையை நிறுத்துவது அதைவிட ஆபத்து. மூன்று மாத வாடகை பாக்கியானால் நான்கு வார நோட்டீஸே போதும். நோட்டீஸ் தரும் நாளிலும் வழக்கு விசாரணை நாளிலும் அந்தளவு பாக்கி இருந்தால், நீதிபதி வீட்டை ஒப்படைக்கச் சொல்லியே ஆக வேண்டும். விசாரணைக்கு முன் ஒரு பகுதியையாவது கட்டி மூன்று மாதத்துக்குக் கீழே கொண்டுவந்தால் அந்தக் கட்டாயம் போய்விடும். காசாகக் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்புங்கள். பிறகு காட்ட அதுதான் சாட்சி.

அவரும் அங்கேயே வசித்து, சமையலறையோ குளியலறையோ பொதுவாக இருந்தால் நிலைமை தலைகீழ். நம்மவர் வீடுகளில் அறை எடுக்கும் பலர் இந்த வகைதான், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். புதிய பாதுகாப்பு எதுவும் அவர்களுக்கு இல்லை. நியாயமான அவகாசம் மட்டுமே: மாத வாடகையென்றால் வழக்கமாக ஒரு மாதம். கோர்ட் உத்தரவும் தேவையில்லை, டெபாசிட்டைப் பாதுகாப்புத் திட்டத்தில் போடும் கடமையும் அவருக்கு இல்லை. ஆனால் தபால் மட்டும் அந்த முகவரிக்கு வந்து, ஆள் வேறெங்கோ இருந்தால் அது குடியிருப்பு ஆகாது. அப்படியானால் வீட்டுப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை தரும் ஷெல்ட்டர் அமைப்பிடமோ கவுன்சிலின் வாடகைப் பிரிவிடமோ இன்றே கதையுங்கள். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள்.