இருமினால் சிறுநீர் கசிகிறது: பயிற்சி பலன் தருமா?

கேள்வி: இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. ஒரு மாதமாகக் கெகல் பயிற்சி (இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி) செய்தும் பலனில்லை. பிசியோதெரபிஸ்ட்டிடம் செல்ல வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அவசியம் செல்லுங்கள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து ஏந்தி நிற்கும் இடுப்புத் தளத் தசைகள் பிரசவத்தால் தளர்ந்துவிட்டால், இருமும்போது வயிற்றுக்குள் எழும் அழுத்தத்தை அவற்றால் தாங்க முடிவதில்லை. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் விவரித்த இப்பயிற்சி எளிதாகத் தோன்றினாலும், தசையை உள்ளிழுத்து மேலே உயர்த்துவதற்குப் பதிலாகப் பலர் மூச்சை அடக்கிக் கீழ்நோக்கி முக்கிவிடுகிறார்கள். நீங்கள் செய்வது எது என்பதை, உங்கள் சம்மதத்துடன் கையுறை அணிந்த விரலால் பரிசோதித்து, பிசியோதெரபிஸ்ட் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். சிலருக்குத் தசை தளர்வதற்கு மாறாக இறுகியிருக்கும். இறுக்கும் பயிற்சி அவர்களுக்கு வலியைக் கூட்டவும் கூடும் என்பதால் முதலில் தளர்த்தவே கற்றுத் தருவார்கள்.

ஒரு மாதம் போதாது. பொதுவாக ஒரு தடவைக்குக் குறைந்தது 8 முறை தசையை இறுக்கித் தளர்த்துவது என நாளுக்கு 3 தடவை, 3 மாதங்களாவது தொடர வேண்டும். சிறுநீர் கழிக்கையில் பாதியில் நிறுத்திப் பழகுவதை (இந்த யோசனையைச் சொல்லாதவர்கள் குறைவு!) வழக்கமாக்காதீர்கள். தும்மல் வருவதற்குச் சற்று முன் தசையை இறுக்கிப் பாருங்கள். சிறுநீரில் இரத்தமோ எரிச்சலோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.