ஆட்டோகேட் முதலா, கால்குலஸ் முதலா?

திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, எச்-1பி வேலை விசாவில் இருக்கும் கணவரோடு, துணைவருக்கான எச்-4 விசாவில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் வந்து நான்கு மாதமான தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) கேட் டிசைன் (கணினியில் பொறியியல் வரைபடம் வரைவது) படித்துவிட்டு அப்படியே யுனிவர்சிட்டிக்கு மாறி இன்ஜினியரிங் முடிக்க முடியுமா?"

முடியும். நானும் அந்த வழியில்தான் வந்தேன். ஆனால் நான் தொலைத்த ஒரு வருடத்தை நீங்களும் தொலைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் இரண்டு செமஸ்டரும் எனக்குப் பிடித்ததையே எடுத்தேன்: ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், ஷீட் மெட்டல் டிசைன். கை நன்றாகப் பழகியது, எல்லாவற்றிலும் ஏ கிரேடு. அப்புறம்தான் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலரைப் பார்க்கப் போனேன். அவர் அசிஸ்ட் என்ற இணையதளத்தைத் திறந்து காட்டினார். கலிஃபோர்னியாவில் எந்தக் கம்யூனிட்டி காலேஜின் எந்த வகுப்பை எந்த அரசுப் பல்கலைக்கழகம் எதற்கு ஈடாக ஏற்கும் என்று அதில் இருக்கும். நான் போக நினைத்த மெக்கானிக்கல் பிரிவுக்கு என் வகுப்புகளில் ஒன்றே ஒன்றுதான் பொருந்தியது. மற்றவை வேலைக்குத் தயார்ப்படுத்தும் வகுப்புகள். நல்ல வகுப்புகள்தான், ஆனால் டிகிரிக் கணக்கில் வராதவை.

பல்கலைக்கழகம் பார்ப்பது கணக்கையும் இயற்பியலையும். மூன்று கால்குலஸ் வகுப்புகள், டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, கால்குலஸோடு சேர்ந்த இயற்பியல், வேதியியல். பெரும்பாலும் ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் சேர விடுவார்கள். கேட் வகுப்பை எந்தச் செமஸ்டரிலும் செருகிக்கொள்ளலாம். கால்குலஸை ஒரு செமஸ்டர் தள்ளிப்போட்டால் பின்னால் இருக்கும் எல்லாமே தள்ளிப்போகும். அதனால் முதல் செமஸ்டரில் கணக்கு கட்டாயம் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு கேட் வகுப்பு போதும். ஒவ்வொரு முறையும் பதிவு செய்வதற்கு முன் அசிஸ்டைப் பாருங்கள்.

மாறுவதற்குப் பொதுவாக 60 செமஸ்டர் யூனிட் (ஒவ்வொரு வகுப்புக்கும் தரும் கிரெடிட்) வேண்டும். டேவிஸ், இர்வைன் உட்பட யுசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்களில் ஆறு, தகுதி இருந்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் தருகின்றன. டேக் என்பார்கள்; செப்டம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாப் பாடப்பிரிவுக்கும் கிடையாது, இன்ஜினியரிங்குக்குத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெர்க்லியும் யுசிஎல்ஏவும் டேக் தருவதில்லை.

பணம்தான் பெரிய விஷயம். கம்யூனிட்டி காலேஜில் கலிஃபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். மற்றவர்களுக்கு அதைப்போல் பல மடங்கு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்கள் எத்தனை வருடம் இருந்தாலும் பொதுவாக அந்தக் கூடுதல் கட்டணம்தான். எச்-4 காரர்கள் இங்கே குடியிருந்து ஒரு வருடமும் ஒரு நாளும் ஆனதும் உள்ளூர்க் கட்டணம் கேட்கலாம். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ், வரித்தாக்கல் எல்லாவற்றையும் இப்போதே பத்திரப்படுத்துங்கள். இன்னும் எட்டு மாதம்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்றே சொல்வேன்.

கேட் கற்று உடனே வேலைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், எச்-4க்கு அது நடக்காது. பொதுவாகக் கணவருக்காக அவர் நிறுவனம் கிரீன் கார்டுக்குப் போடும் ஐ-140 மனு ஒப்புதலான பிறகு வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், அதுவரை படிப்புதான். அந்தக் காலத்தை டிகிரிக்குப் பயன்படுத்துங்கள்.

கேட் வீண் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் வருடப் பிராஜெக்டில் என் குழுவில் முழு அசெம்பிளியையும் வரைந்தது நான்தான். இன்டர்ன்ஷிப் நேர்காணலிலும் அதைத்தான் கேட்டார்கள். ஒரே ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. வரைபடத்தில் பொருளின் பக்கங்களை அடுக்கும் முறைதான் அது. நம் ஊரில் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள், டாப் வியூ கீழே வரும். இங்கே தேர்ட் ஆங்கிள், டாப் வியூ மேலே. அளவும் பெரும்பாலும் அங்குலத்தில், அதுவும் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எழுதுவார்கள். மில்லிமீட்டரில் ஊறிய நமக்குச் சில மாதம் தடுமாறும்.

இந்த எட்டு மாதத்தில் ஒன்று செய்யுங்கள். ஆட்டோடெஸ்க்கின் ஃபியூஷன் என்ற கேட் மென்பொருளைச் சொந்த உபயோகத்துக்கு இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் டிப்ளமோ டிராயிங்குகள் நினைவிருந்தால் பத்தை எடுத்து, தேர்ட் ஆங்கிளில், அங்குல அளவில் வரைந்து பாருங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் கணக்குக்கு.